காது மந்தமான அம்மாவோடு மூன்று உணவகங்கள்

உணவக விமர்சனங்களை நான் விடாமல் படிக்கிற ஆள். ருசி எப்படி, பரிமாறியவர் எப்படி, பில் எவ்வளவு வந்தது எல்லாம் எழுதியிருப்பார்கள். ‘சூழல் அருமை’ என்று ஒரு வரியும் தவறாமல் இருக்கும். அந்த அருமையான சூழலில், எதிரே உட்கார்ந்திருந்தவர் பேசியது காதில் விழுந்ததா என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு காதிலும் கருவி. வெளியே போய்ச் சாப்பிடுவதென்றால் அவருக்கு அவ்வளவு பிரியம். புடவை மாற்றிக்கொண்டு அரை மணி நேரம் முன்னாலேயே தயாராகி உட்கார்ந்திருப்பார். அவர் வருவது சாப்பாட்டுக்காக மட்டும் இல்லை, பேச்சுக்காகவும்தான். வீட்டில் ஆளுக்கொரு வேலையில் ஓடிக்கொண்டிருக்கிறோம். ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால்தான் நிதானமாக ஒரு மணி நேரம் பேச முடிகிறது. அந்த ஒரு மணி நேரம் கிடைக்குமா கிடைக்காதா என்பதை உணவகம்தான் தீர்மானிக்கிறது. அதனால்தான் இந்த மதிப்பீட்டைக் காதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெயர்கள் வேண்டாம். இப்படி மூன்று உணவகங்கள் எந்தப் பெரிய நகரத்திலும் இருக்கும்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வயதாகிக் காது மங்கும்போது முதலில் குறைவது உச்ச ஒலிகள். ச, ஸ, ஃப், த் மாதிரியான மெய்யெழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. ஆ, ஓ, ஊ எல்லாம் நன்றாகவே விழும். ஆகவே ஒருவர் பேசுகிறார் என்று தெரியும், என்ன பேசுகிறார் என்று பிடிபடாது. அமைதியான அறையில் கருவி இதைப் பெருமளவு சரிக்கட்டிவிடும். கூட்டத்தில் அப்படி இல்லை. என் பேச்சை உயர்த்திக் கொடுக்கிற அதே கருவி, பக்கத்து மேசைச் சிரிப்பையும் தட்டு அடுக்குகிற ஓசையையும் சேர்த்து உயர்த்துகிறது. காது மங்கியவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது, உரத்த ஒலியோ சட்டென்று தாங்க முடியாததாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் மிகக் குறுகல். ‘சத்தமாப் பேசினா கேக்குமே’ என்று நினைக்கிறவர்களுக்கு இது புரிவதில்லை.

இது ஏதோ எங்கள் வீட்டுப் பிரச்சினை என்று தள்ளிவிடவும் முடியாது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கிற அளவு கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எந்த ஞாயிற்றுக்கிழமை மதியமும் ஒரு உணவகத்தைச் சுற்றிப் பாருங்கள். குடும்பமாக வந்தவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மேசையின் ஓரத்தில் ஒரு பெரியவர் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். மற்றவர்கள் சிரிக்கும்போது ஒரு நொடி தாமதித்து அவரும் சிரிப்பார்.

முதல் உணவகம் புதிது. எல்லோரும் புகழ்ந்து தள்ளுகிற இடம். படத்தில் பார்த்தால் நிஜமாகவே அழகுதான். உயரமான கூரை, அதில் மூடாமல் விட்ட ஏசி குழாய்கள், வழுவழுப்பான சிமென்ட் தரை, மூன்று பக்கமும் கண்ணாடி, விரிப்பில்லாத மர மேசைகள், நடு இடத்தில் திறந்த சமையலறை. அதாவது ஒலியை உறிஞ்சுகிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் போனோம். என் போனில் ஒலியளவு காட்டுகிற ஆப் வைத்திருக்கிறேன். அங்கே இருந்த நேரம் முழுக்க அது 82 டெசிபலுக்குக் கீழே இறங்கவில்லை. சாதாரணமாகப் பேசினால் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். அறுபதுக்கும் எண்பதுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு இசை மட்டும் காரணமில்லை. கூட்டத்தில் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். எத்தியேன் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே இதைப் பதிவு செய்துவிட்டார், அவர் பெயரில்தான் இன்றும் இதைக் குறிப்பிடுகிறார்கள். ஒரு மேசை குரலை உயர்த்தினால் அடுத்த மேசை அதற்கு மேல் உயர்த்தும். கண்ணாடியும் சிமென்ட்டும் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். பாட்டும் வேகமான பாட்டு. அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கலாம். ரொனால்ட் மில்லிமன் என்ற சந்தையியல் ஆய்வாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மெதுவான இசை ஒலித்தபோது ஒரு மேசை சராசரியாக 56 நிமிடம் உட்கார்ந்தது, வேகமான இசைக்கு 45 நிமிடத்தில் எழுந்துவிட்டது. மேசை சீக்கிரம் காலியானால் உணவகத்துக்கு லாபம். வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்ததையும் பார்த்தேன், எனவே புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் எழுபது வயதுக்காரர் ஒருவரை அப்படிக் கிளப்பி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆர்டர் எடுக்க வந்த பையன் சுறுசுறுப்பானவன், மரியாதையானவன். ஆனால் அம்மா கையில் மெனுவை விரித்து வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருக்க, அவன் என் பக்கம் குனிந்து, “அவங்களுக்கு என்ன?” என்று கேட்டான். ஒரு தடவை கேட்டான், அம்மாவுக்குக் கேட்கவில்லை, உடனே என்னிடம் திரும்பிவிட்டான். அதற்குப் பிறகு அன்றைக்கு அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமா என்பதைக்கூட என்னிடம்தான் கேட்டான். அந்தச் சத்தத்தில் அவனாலும் வேறென்ன செய்திருக்க முடியும் என்று தெரியவில்லை. அமெரிக்கத் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனம், வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை என்று பரிந்துரைக்கிறது. சாப்பிட வந்தவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவோம். அந்தப் பையன்கள் இரவு முழுக்க அங்கேயே நிற்கிறார்கள். அவர்களின் காதைப் பற்றி முதலாளி யோசித்தாரா?

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். வறுத்த கோழியின் தோல் மொறுமொறுப்பாகவும் உள்ளே சாறு வற்றாமலும் இருந்தது. உருளைக்கிழங்கும் சூடாக வந்தது. ஆனால் மிச்சத்தைக் கட்டி எடுத்துவந்து மறுநாள் வீட்டில் சாப்பிட்டபோது உப்பு கரித்தது. முந்தின இரவு அது உறைக்கவே இல்லை. பெரும் இரைச்சலில் சாப்பிடுகிறவர்களுக்கு உப்பும் இனிப்பும் குறைவாகத் தெரிகிறது என்று 2011-ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. சமைக்கிறவரும் அதே இரைச்சலில் நின்று ருசி பார்த்தால் கை கொஞ்சம் தாராளமாகத்தானே போகும் என்பது என் ஊகம். அம்மா பாதியிலேயே ஒரு பக்கத்துக் கருவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டார். தட்டு அடுக்குகிற ஒவ்வொரு தடவையும் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதாம். அப்புறம் பேச்சே இல்லை. ருசிக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். அம்மாவோடு இனி அங்கே போக மாட்டேன்.

இரண்டாவது உணவகம் இதற்கு நேர் எதிர். விலை மூன்றிலும் அதிகம். தரையெல்லாம் கம்பளம், கனமான திரை, மெத்தை வைத்த நாற்காலி, மேசைக்கும் மேசைக்கும் நல்ல இடைவெளி. ஓசை 60-ஐ ஒட்டியே நின்றது. காதுக்குச் சொர்க்கம், கண்ணுக்குத்தான் சோதனை. மேசைக்கு ஒரு சின்ன விளக்கு, மற்றபடி இருட்டு. மெனுவில் வெளிர் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போய்ச் சேருகிறது. அம்மா என் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மெனு படித்தார். அதைவிடப் பெரிய பிரச்சினை வேறு. காது மங்கியவர்கள் பாதியைக் காதால் கேட்கிறார்கள் என்றால் மீதியை உதட்டிலும் முகத்திலும் படித்துத்தான் நிரப்பிக்கொள்கிறார்கள். என் முகம் இருட்டில் இருந்தால் அந்தப் பாதி போச்சு. ‘விளக்கைக் கொஞ்சம் கூட்ட முடியுமா?’ என்று கேட்டேன். மற்ற விருந்தினர்களுக்காக இப்படி வைத்திருக்கிறோம் என்று பணிவாகச் சொல்லிவிட்டார்கள். சில நிமிடத்துக்கு ஒரு தடவை யாராவது வந்து ‘எல்லாம் சரியாக இருக்கிறதா?’ என்று கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். அம்மா ஒரு பேச்சின் நூலைப் பிடிக்கச் சிரமப்பட்டுக் கவனம் குவித்திருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தால் அத்தனையும் அறுந்துபோகிறது. மீனுக்கு ஊற்றியிருந்த சாஸ் மேசைக்கு வரும்போதே ஆறி ஆடை கட்டியிருந்தது. இதற்கு மேல் இந்த இடத்தைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

மூன்றாவதுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மேசை பதிவு செய்யப் போன் போட்டபோது, அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமில்லாத மூலையாகக் கிடைக்குமா என்று கேட்டேன். எடுத்துப் பேசிய பெண் இரண்டு கேள்வி கேட்டார். “அம்மாவுக்கு எந்தப் பக்கம் காது நல்லா கேக்கும்?” “கூட்டம் முதுகுக்குப் பின்னால இருந்தா வசதியா, முன்னால இருந்தா வசதியா?” இப்படி ஒரு கேள்வியை எந்த உணவகத்திலும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. அம்மாவின் கருவியில் மைக் முன்பக்க ஒலியைத்தான் கூடுதலாக எடுக்கும். அதனால் இரைச்சல் முதுகுப்பக்கம் இருப்பது அவருக்கு நல்லது. கருவிக்குக் கருவி இது மாறும், அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது. வீட்டிலோ உறவிலோ யாருக்காவது இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். போய்ச் சேர்ந்தபோது சொன்ன மேசை சொன்னபடியே காத்திருந்தது. இடது மூலை, உயரமாகச் சாய்வு வைத்த மெத்தை இருக்கை, எனக்குப் பின்னால் சுவர், என் முகத்தில் விழுகிற மாதிரி மேலே ஒரு விளக்கு. ஜன்னலுக்கு முன்னால் என்னை உட்கார வைத்திருந்தால் முகம் நிழலாகத் தெரிந்திருக்கும், அதையும் தவிர்த்திருந்தார்கள்.

இடம் ஒன்றும் ஆடம்பரமில்லை. பழைய கட்டடம், தாழ்வான கூரை. ஆனால் கூரையில் தடித்த பஞ்சுப் பலகைகள் ஒட்டியிருக்கிறார்கள். மேசைகளில் துணி விரிப்பு. ஏதோ விழுந்ததை எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன், மேசைக்கு அடியிலும் ஒரு மென்மையான பலகை திருகி வைத்திருக்கிறது. நாற்காலிக் கால்களில் கம்பளி ஒட்டியிருப்பதால் நகர்த்தினால் கிரீச்சென்ற சத்தம் வரவில்லை. 1890-களில் ஹார்வர்டில் எதிரொலியால் பாடமே நடத்த முடியாத ஒரு வகுப்பறையைச் சரிசெய்யச் சொன்னார்கள். அந்த வேலையை ஏற்ற வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர் அங்கே நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டு, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று இரவிரவாக அளந்தார். கட்டட ஒலியியலே அங்கிருந்துதான் வளர்ந்தது. நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம். துணியும் பஞ்சும் கம்பளியும் பெரிய செலவில்லாமல் செய்கிற வேலையை, அழகுக்காகக் கண்ணாடியும் சிமென்ட்டும் வைத்து நாம் விரட்டிவிட்டோம். அன்றைக்கு இங்கே எல்லா மேசையும் நிறைந்திருந்தன, குழந்தைகளும் இருந்தார்கள். ஆப்பில் 67, 68. அமைதி என்று சொல்ல முடியாது. ஆட்கள் இருக்கிறார்கள் என்கிற கலகலப்பு இருந்தது, அதற்கு மேலே நாங்கள் கத்தாமல் பேச முடிந்தது.

பரிமாறியவர் நடுத்தர வயதுக்காரர். பக்கவாட்டிலிருந்து பேச்சை ஆரம்பிக்கவில்லை. அம்மாவுக்கு எதிரே வந்து நின்று, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் வாயைத் திறந்தார். குரலை உயர்த்தவில்லை, வார்த்தைகளைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் பேசினார். “அம்மா, இன்னைக்கு ரெண்டு சூப் இருக்கு. ஒண்ணு காளான், ஒண்ணு தக்காளி.” அம்மாவுக்கு இரண்டாவது பிடிபடவில்லை. அவர் அதையே உரக்கச் சொல்லவில்லை, “சிவப்பா இருக்குமே, தக்காளி” என்று மாற்றிச் சொன்னார். அம்மாவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. கேட்காதபோது அதே வார்த்தையைக் கத்துவதைவிட வேறு வார்த்தையில் சொல்வது பலன் தரும். காது மருத்துவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது, இவர் தானாகச் செய்தார். கடைசியில் தாளில் எழுதியதை அம்மாவிடம் திருப்பிக் காட்டி, “சரியாம்மா?” என்று கேட்டுக்கொண்டார். எனக்கு என்ன வேண்டுமென்று அதற்குப் பிறகுதான் கேட்டார். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சாப்பாடு. காளான் சூப் கிண்ணத்தைத் தொட முடியாத சூட்டில் வந்தது. கிண்ணத்தையும் சூடாக்கித்தான் ஊற்றுகிறார்கள் போலிருக்கிறது, கடைசிக் கரண்டிவரை சூடு இருந்தது. மாவு போட்டுக் கெட்டியாக்கவில்லை, காளானையே நன்றாக வதக்கி அரைத்திருக்கிறார்கள். மேலே பொடியாக நறுக்கி முறுகவிட்ட காளான் கொஞ்சம். மீனைத் தோல்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, குழம்பைப் பக்கத்தில் ஊற்றியிருந்தார்கள். தோல் ஊறிப்போகாமல் இருக்க அதுதான் வழி, பல இடங்களில் அழகுக்காக மேலேயே ஊற்றிக் கெடுத்துவிடுகிறார்கள். முள்கரண்டி பட்டதும் தோல் நொறுங்கிற்று. அம்மா கடித்துவிட்டு, “சத்தம் கேக்குது!” என்றார். மொறுமொறுப்பு என்பதில் காதுக்கும் பங்கு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ ஸாம்பினியும் 2004-ல் வெளியிட்ட சோதனையில், ஹெட்போன் மாட்டியவர்கள் உருளைக்கிழங்கு சிப்ஸ் கடித்தார்கள். கடிக்கிற ஓசையைக் கூட்டிக் கேட்கவைத்தபோது அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். முதல் உணவகத்தின் கோழியும் மொறுமொறுதான். அந்தக் கூச்சலில் அது அம்மாவின் காதுக்கு வந்து சேரவில்லை.

ஒன்றேமுக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தன் அக்காவுக்கும் தனக்கும் கல்யாணத்துக்கு முன்னால் நடந்த ஒரு பெரிய சண்டையை அம்மா முழுதாகச் சொன்னார். எனக்கு அது இத்தனை வருஷம் தெரியாது. யாரும் வந்து மேசையைத் துடைத்து எங்களைக் கிளப்பப் பார்க்கவில்லை. தட்டுகளை எடுக்கும்போதுகூட ஒன்றன்மேல் ஒன்றாக எங்கள் தலைக்கு மேலே அடுக்காமல், இரண்டிரண்டாகக் கையில் எடுத்துப் போனார்கள்.

குறை இல்லாமல் இல்லை. இனிப்பு வகை சுமார்தான். சாக்லேட் கேக் குளிர்ப்பெட்டியிலிருந்து நேராக வந்திருந்தது, நடுவில் இறுகிக் கிடந்தது. பில் கேட்டு வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று, அவசரமாகப் போக வேண்டியவர்களுக்கு எரிச்சல் வரும். கழிவறைக்கு நான்கு படி இறங்க வேண்டும், கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது. இத்தனை யோசித்துச் செய்தவர்கள் அதையும் செய்துவிட வேண்டும், வரும்போது சொல்லிவிட்டும் வந்தேன். எல்லாவற்றையும்விட முக்கியமான குறை காபி மெஷின். நுழைந்ததும் வலது பக்கம் அதை வைத்திருக்கிறார்கள். பாலுக்கு நீராவி விடும்போது சீறுகிற சத்தம் அந்தப் பக்கத்து இரண்டு மேசைகளில் பேச்சை நிறுத்திவிடுகிறது, கருவி போட்டவர்கள் அங்கே உட்காரவே கூடாது. போன் செய்யும்போதே இடது மூலை என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு மேல் குடும்பங்கள் நிறைந்துவிடும், பன்னிரண்டரைக்குள் போய்விட்டால் நல்லது.